இல்லை என்று ஒரு கோடு

நாற்பது தாண்டிய பிறகு ஒருத்தி புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் ஆபீசில் எல்லாரும் அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அது பரவாயில்லை. முதலாளியும் அப்படியே கூப்பிட்டால்தான் சிக்கல். என் பாஸுக்கு என்னைவிட வயது குறைவு. 'அக்கா, இன்னும் சரியாகலையே' என்று அவர் சொன்னால், அது திட்டா விசாரிப்பா என்று எனக்குச் சட்டென்று பிடிபடாது. 'பாக்குறேன் பாஸ்' என்று சொல்லித் தலையைத் திரையில் புதைத்துக்கொள்வேன்.

ஆபீஸ் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில். பதினொரு மணிக்கே கீழிருந்து தாளிக்கிற வாசனை ஏறி வந்துவிடும். அதற்குப் பிறகு யாருக்கும் வேலை ஓடாது. நான் கல்யாணத்துக்கு முன் புரோகிராமராக இருந்தவள். கல்யாணம், பிள்ளை, வீடு என்று பதினைந்து வருடம் போன பிறகு விவாகரத்து. மகளைக் கூட்டிக்கொண்டு காஜாங்கில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் நல்லவர், அண்ணியும் நல்லவர். அவர்களுடைய நல்லதனத்துக்கு நடுவில், ஒரே அறையில், சத்தம் போட்டுத் தும்மக்கூட யோசித்துக்கொண்டு நானும் மகளும் இருந்தோம். இந்த வேலை கிடைத்த பிறகுதான் சாலாக் செலாத்தானில் சின்னதாக ஒரு ஃப்ளாட் எடுத்தோம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாகவில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு மறுபடியும் காஜாங்தான். மகளுக்கும் அது தெரியும். அதனால் என் வேலையைப் பற்றி அவள் கேட்கவே மாட்டாள். அவள் கேட்காமல் இருந்ததுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

எங்கள் கம்பெனிக்கு இருந்த பெரிய வாடிக்கையாளர் கிள்ளானில் கல்யாண ஏற்பாடு செய்கிற ஒரு அக்கா. அறுபதைத் தொட்டவர். 'ஆன்டி' என்று கூப்பிட்டவருக்கு அன்றைக்குப் பதில் கிடைக்காது. மண்டபம், கேனோபிப் பந்தல், சமையல், பூ, நாதஸ்வரம், மணப்பெண் அலங்காரம் எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். ஒரு கல்யாணம் பதிவானால் யாருக்கு எப்போது தகவல் போகவேண்டும், அடுத்து என்ன என்பதையெல்லாம் நாங்கள் செய்து கொடுத்த இணையச் செயலி பார்த்துக்கொண்டது. அதில் ஒரே குறை, வரிசை எங்கள் புரோகிராமுக்குள் இறுகிப்போய் இருந்தது. தெலுங்கு வீட்டுக் கல்யாணம் வந்தால் ஒரு மாதிரி, மலையாளி வீடென்றால் வேறு மாதிரி, மாப்பிள்ளை சீனராக இருந்தால் நடுவில் தேநீர்ச் சடங்கு ஒன்று நுழையும். ஒவ்வொன்றுக்கும் அக்கா எங்களைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லவேண்டும். நாங்கள் மாற்றி முடிப்பதற்குள் கல்யாணம் முடிந்து பெண் மறுவீடு போய்விடும்.

அக்காவுக்குப் பொறுமை போனது. வேறு கம்பெனியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டார். உடனே பாஸ் ஒரு வாக்குக் கொடுத்தார். இனி வரிசையை அவர்களே திரையில் வரைந்துகொள்ளலாம்: பெட்டிகளை இழுத்து வைத்து, அம்புக்கோட்டால் இணைத்தால் போதும், செயலி அதன்படி நடக்கும். வொர்க்ஃப்ளோ பில்டர் என்பார்கள். வாக்குக் கொடுத்தது அவர், செய்யவேண்டியது நான்.

'அக்கா, இது நல்லபடியா முடிஞ்சா உங்கள கன்ஃபர்ம் பண்ணிடலாம்.'

'முடியலன்னா பாஸ்?'

'முடியும் லா' என்றார். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பெட்டியும் கோடும் வரைகிற பாகத்தை யாரோ புண்ணியவான்கள் ஏற்கெனவே எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். அதை எடுத்து நம் செயலியில் பொருத்தினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவர்கள் பழைய செயலிக்குள் புதிய பாகத்தைப் பொருத்திப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். பெட்டிகள் மெனுவுக்குப் பின்னால் போய் ஒளிந்தன. கோட்டை வலப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம் போனது. சேமித்துவிட்டுத் திரும்பத் திறந்தால், எல்லாப் பெட்டிகளும் மாலை நேரத்துக் கொமியூட்டர் ரயில் மாதிரி ஒரே மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றாகப் பிடித்துச் சரிசெய்தேன். ஒருநாள் பிற்பகல், ஒரு பெட்டியைப் பிடித்து நகர்த்தினேன். அதோடு ஒட்டிய கோடும் வளைந்து கூடவே வந்தது. சேமித்தேன், திறந்தேன், வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. எனக்கு எழுந்து ஆடவேண்டும் போலிருந்தது. பக்கத்தில் எல்லாரும் சின்னப் பிள்ளைகள், அதனால் கீழே போய் ஒரு தே தாரிக் டீ குடித்துவிட்டு வந்தேன்.

அதில் ஒரு விதியும் வைத்தேன். 'மண்டபம் கிடைத்ததா?', 'இரு வீட்டாரும் தேதிக்குச் சம்மதமா?' என்பது போன்ற கேள்விகளுக்கு ஒரு தனிப்பெட்டி உண்டு. அதிலிருந்து இரண்டு கோடுகள் கிளம்பும். ஒன்று ஆம், இன்னொன்று இல்லை. இரண்டும் எங்காவது போய்ச் சேர்ந்தாகவேண்டும். ஒன்று அந்தரத்தில் தொங்கினாலும் 'வெளியிடு' பொத்தான் வேலை செய்யாது. 'இல்லை' கோடு போய்ச் சேர்வதற்கென்று சிவப்பில் 'ரத்து' என்ற பெட்டியையும் செய்து வைத்தேன். தொழில்முறையில் இது சரியான விதி. இல்லாவிட்டால் ஒரு பதிவு பாதி வழியில் நின்றுபோகும், நின்றது யாருக்கும் தெரியாது.

ஆனால் அந்த விதியில் என் சொந்தக் கோபமும் கலந்திருந்தது. எனக்குக் கல்யாணம் பேசிய பெரியவர்கள் ஜாதகம் பார்த்தார்கள், படிப்புப் பார்த்தார்கள், மண்டபத்தில் கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார்கள். சரிப்பட்டு வரவில்லை என்றால் இவள் எந்தப் பக்கம் போவாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி பதினைந்து வருடம் என் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தது. நான் எழுதுகிற செயலியில் அப்படி நடக்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் அந்த விதியை எழுதினேன்.

கிள்ளானுக்கு அனுப்பினோம். வீடியோவில் ஒரு காலைப்பொழுது முழுக்க அக்காவின் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள், சிரித்தார்கள், நன்றி சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், வெளியிட்டது ஒன்றுகூட இல்லை. வரைந்ததெல்லாம் அரைகுறையாகவே கிடந்தது.

பாஸ் என் மேசைக்கு வந்தார். 'அக்கா, அவங்க உங்க சாமான் சரியில்லன்னு சொல்றாங்க. மாசக் கடைசிக்குள்ள நான் ஒரு முடிவு எடுக்கணும்.' முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இந்த முறை அது திட்டா விசாரிப்பா என்று எனக்கு நன்றாகவே பிடிபட்டது.

மறுநாள் கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறிக் கிள்ளான் போனேன். வழியெல்லாம் எங்கே தப்பு என்று மனசுக்குள் புரோகிராமைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். அக்காவின் ஆபீசுக்குள் நுழைந்தால், சுவரில் ஆளுயர டிவி. அதில் நான் செய்த பில்டர். அதில் அவர்கள் வரைந்த கல்யாணம் ஒன்று. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகாக ஒரு வரைபடத்தை நான் என் சோதனைகளில்கூட வரையவில்லை. மஞ்சள் நிறத்தில் பெட்டிகள். நிச்சயதார்த்தம், பந்தக்கால், பூ, சமையல், பெண் அழைப்பு என்று வரிசையாக இறங்கி வந்தன. ஒவ்வொரு கேள்வியிலிருந்தும் 'ஆம்' கோடு வளைந்து கீழே போனது. 'இல்லை' கோடு ஒன்றுகூட இல்லை. எல்லாக் கேள்விப்பெட்டிகளையும் சுற்றி என்னுடைய சிவப்பு எச்சரிக்கை. மூலையில் 'வெளியிடு' பொத்தான் செத்துக் கிடந்தது.

'எல்லாத்தையும் கரெக்டா செஞ்சிருக்கீங்க. இந்தக் கோட்ட மட்டும் ஏன் போடல?' என்று கேட்டேன்.

வேலை செய்கிற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காதான் பதில் சொன்னார்.

'நல்ல காரியத்துல எப்படிமா இல்லன்னு கோடு போடுறது? நாங்க கடையில மஞ்சள் தீந்துபோச்சுன்னுகூடச் சொல்ல மாட்டோம். நெறைஞ்சிருக்குன்னுதான் சொல்லுவோம்.'

'இது கம்ப்யூட்டர், அக்கா. அதுக்கு நல்ல காரியம் கெட்ட காரியம் தெரியாது.'

'கம்ப்யூட்டருக்குத் தெரியாது. முன்னால உக்காந்து பாக்குற பொண்ணோட அம்மாவுக்குத் தெரியுமே.'

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வரைபடம் அழகாக இருந்ததால் அதை டிவியில் போட்டு, வருகிற குடும்பங்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். முதல் நாள் விதிப்படிதான் செய்தார்கள், 'இல்லை' கோடு போட்டு 'ரத்து' வரைக்கும் இழுத்தும் விட்டார்கள். ஒரு பெண்ணின் அம்மா தட்டில் பழம், வெற்றிலையோடு வந்து உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். மகள் பெயருக்குக் கீழே சிவப்பில் 'ரத்து'. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். திரும்பி வரவில்லை. அன்றைக்கே அக்கா எல்லா 'இல்லை'களையும் அழிக்கச் சொல்லிவிட்டார்.

கேட்கக் கேட்க எனக்கு வந்தது பரிதாபம் இல்லை, கோபம். எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும்.

'அப்போ கல்யாணம் நிக்கவே நிக்காதா, அக்கா? நிக்கும். நடந்த பிறகும் நிக்கும். என்னுது பதினஞ்சு வருசம் ஓடி நின்னுச்சு. கோடு போடாம விட்டா நிக்காதுன்னு நெனைக்கிறீங்களா?'

சொல்லி முடித்ததும்தான் எங்கே உட்கார்ந்து சொல்கிறேன் என்று உறைத்தது. கல்யாணம் விற்கிற கடையில். சொந்தக்காரர் கல்யாணங்களில் ஆரத்தித் தட்டு என் கைக்கு வரும்போது யாராவது ஒரு மாதிரி பார்த்துவிட்டு மெதுவாக வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பார்வையை எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டேன். இந்த வேலை போயிற்று என்றும் நினைத்துக்கொண்டேன். மகளிடம் என்ன சொல்வது என்று வார்த்தைகளைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

அக்கா ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். டிவியை அணைக்கச் சொன்னார்.

'நிக்கும்மா. போன வருசம் ஒண்ணு நின்னுச்சு. முகூர்த்தத்துக்கு மொத நாள். மாப்பிள வீட்டுல வரமாட்டோம்னுட்டாங்க.'

'அப்போ என்ன செஞ்சீங்க?'

'என்ன செய்யறது. மொதல்ல வாழ மரம். வாசல்ல கட்டியிருந்தத விடியறதுக்குள்ள ஆள் அனுப்பி அவுத்துட்டோம். காலைல அக்கம்பக்கம் எந்திரிச்சுப் பாக்கும்போது நிக்கக் கூடாது பாரு. கேனோபிய லோரில ஏத்தியாச்சு. வெட்டி வெச்ச காய்கறி எல்லாம் ஒரு முதியோர் இல்லத்துக்கு. பொண்ணு வீட்டுல யாரும் போன் எடுக்க வேணாம்னு, அந்த நம்பரு எல்லாத்தையும் இங்க திருப்பிவிடச் சொல்லி, கூப்பிட்டவங்களுக்கு நாங்களே பதில் சொன்னோம். அப்புறம் அந்த வீட்டுக்கு மூணு நாளு சாப்பாடு நம்ம சமையக்காரர்தான் அனுப்புனாரு. கல்யாணச் சாப்பாடு இல்ல. ரசஞ்சோறு, ஒரு அப்பளம். அந்த வீட்டுல யாரு அடுப்பப் பத்த வெப்பா?'

என் கல்யாணம் நின்றபோது ஆலோசனை சொன்னவர்கள் நிறையப் பேர். ரசஞ்சோறு அனுப்பியவர் ஒருவர்கூட இல்லை.

'அக்கா, இப்போ நீங்க சொன்னதுதான் அந்தக் கோடு' என்றேன். 'நான் அதுக்கு ரத்துன்னு பேர் வெச்சது தப்பு. அதுக்குள்ள இவ்வளவு வேலை இருக்கு. இத யாரும் பாக்க வேணாம். டிவில வராது. ஒவ்வொரு கல்யாணத்துலயும் வரைய வேணாம். ஒரே ஒரு தடவ தனியா வரைஞ்சு வெச்சிடுவோம். எங்க எது நின்னாலும் அது தானா அங்க போய்ச் சேரும்.'

அக்கா அணைந்த டிவியைத் திரும்பிப் பார்த்தார். 'டிவில வராதுல்ல?'

'வராது. நான் பொறுப்பு.'

அன்றைக்கு மத்தியானம் அக்காவே மவுஸைப் பிடித்தார். முதல் பெட்டி வாழை மரம். அடுத்தது போன். அடுத்தது காய்கறி, அப்புறம் சாப்பாடு. ஒவ்வொரு பெட்டியிலும் அது யார் பொறுப்பு என்று ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கவேண்டும், அதுவும் என் விதிதான். சமையல்காரர் பெயர், லோரிக்காரர் பெயர் என்று அக்கா யோசிக்காமல் போட்டுக்கொண்டே போனார். ரத்து என்ற தலைப்பை அழித்துவிட்டு 'நாங்க இருக்கோம்' என்று எழுதினார். கடைசியாக ஒரு பெட்டியை இழுத்து வைத்தார். 'நாலஞ்சு மாசம் கழிச்சு பொண்ணுக்கு ஒரு போன்' என்று தட்டினார். பெயர்ப் பட்டியலைத் திறந்து மேலும் கீழும் போனார். சோதனைக்காக என் பெயரையும் அதில் போட்டு வைத்திருந்தேன். அதன் மேல் அழுத்தினார்.

'அக்கா, அது என் பேரு.'

'தெரியும். அந்தப் பொண்ணுக்கிட்ட என்ன பேசணும்னு எங்களுக்குத் தெரியாது. போன வருசம் நான் போன எடுத்துட்டு எடுத்துட்டு கீழ வெச்சிட்டேன். நீதான் பேசணும்.'

'நாலஞ்சு மாசம் கழிச்சு நான் இந்த ஆபீஸ்ல இருப்பேனான்னே தெரியாது, அக்கா. இன்னும் கன்ஃபர்ம் பண்ணல.'

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

'பாஸ், உங்க சாமான் நல்லாருக்கு. நாங்க வேற எடம் பாக்கல. ஆனா ஒண்ணு. இந்தப் பிள்ளைக்கு எங்ககிட்ட நாலஞ்சு மாசம் கழிச்சு ஒரு வேல இருக்கு. அப்போ எந்த நம்பருக்குக் கூப்பிடணும்? உங்க ஆபீஸுக்கா, வேற எங்கயாச்சுமா?'

மறுமுனையில் பாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். 'எங்க ஆபீஸுக்கே கூப்பிடுங்க லா, அக்கா' என்றார்.

டிவியில் வராதபடி அதை மறைப்பதற்கும், தொங்குகிற கோடுகள் தானாக அங்கே போய்ச் சேர்வதற்கும் எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த வாரக் கடைசியில் கிள்ளானில் எல்லாக் கல்யாணங்களிலும் 'வெளியிடு' பொத்தான் பச்சையானது. வேலை நிலைத்துவிட்டது என்று வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னேன். அவள் அறைக்குள் போய்ச் சத்தமாகப் பாட்டுப் போட்டாள். பக்கத்து ஃப்ளாட்டுக்காரர் சுவரைத் தட்டுகிற அளவுக்குச் சத்தம். குறைக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கல்யாணங்கள் நிறைய நடந்தன. 'நாங்க இருக்கோம்' என்பதை நானே மறந்துபோனேன். ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு வாசனை ஏறிவந்த நேரத்தில், திரையின் ஓரத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. நான் எழுதிய செயலி எனக்கே ஒரு வேலை கொடுத்திருந்தது. எங்கேயோ ஒரு கல்யாணம் நின்றிருக்கிறது. வாழை மரம் அவிழ்த்தாயிற்று, சாப்பாடு போயாயிற்று, மாதங்களும் போயாயிற்று. ஒவ்வொரு பெட்டியும் முடிந்ததென்று குறித்திருந்தது. மிச்சம் என் பெட்டி ஒன்றுதான்.

என்ன பேசவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணின் எண்ணை அழுத்தினேன், மணி அடித்தது. எடுத்தாள். நான் யார், எங்கிருந்து பேசுகிறேன் என்று சொன்னேன். எழுதி வைத்த எதுவும் வாயில் வரவில்லை.

'எனக்கும் ஒரு தடவ நின்னுச்சு. அதான் கூப்பிட்டேன்' என்றேன். அவ்வளவுதான் வந்தது.

'எம்ஆர்டி ரயில்ல இருக்கேன், அக்கா. சத்தமா இருக்கு, கேக்குதா?' என்றாள்.

'கேக்குது.'

பேச ஆரம்பித்தாள். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. புது வேலையில் சேர்ந்திருக்கிறாளாம். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாதாம், அது நிம்மதியாக இருக்கிறதாம், ஆனால் யாருக்குமே தெரியாமல் இருப்பதும் ஒரு மாதிரி இருக்கிறதாம். நான் கேட்டுக்கொண்டேயிருந்தேன். இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டதாகச் சொல்லிச் சிரித்தாள்.

வைக்கப் போகும்போது, 'அடுத்த வாரமும் கூப்பிடுவீங்களா?' என்று கேட்டாள்.

'கூப்பிடுறேன்' என்றேன்.

திரையில் அந்தப் பெட்டி, முடிந்ததா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் எதையும் அழுத்தாமல் சாப்பிடக் கீழே இறங்கினேன். இது நடந்து பல வாரமாகிறது. 'அக்கா, உங்க பேர்ல ஒரு வேல ரொம்ப நாளா முடியாம நிக்குதே' என்று பாஸ் அவ்வப்போது கேட்கிறார். நடந்துகொண்டிருக்கிறது, பாஸ் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.